நம் முகமும் நம் நிறமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இத்தகைய சபைகளிலே சமயம், இலக்கியம், ஒழுக்கம் ஆகியன பற்றிய சொற்பொழிவுகளே பெரும்பாலும் நிகழ்வதுண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக்கலை. அதிலும் ஒரு சிறு பகுதியே. ஒருவர் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தைத் தாமே வர்ணத்தில் தீட்டுவது. அதற்குக் கரி, சோக்கு, நீர்வர்ணம், எண்ணெய் வர்ணம், கடதாசித் துண்டு என்று பலவகைச் சாதனங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்ப்பது. இதனைத் தன்னுருவச் சித்திரம் என்று வழங்குவோமாக.

“படம் கீறுவது சிறுபிள்ளை வேலை, அதிலும் தன் முகத்தையே பார்த்துக் கீறுவது வீண் பெருமை” என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு முதலில் ஒரு சமாதானம் கூறிவிட்டு மேலே செல்ல விரும்புகின்றோம். பெருமை கொண்டவன் கண்ணாடி முன் ஒரு கணம் நின்று தலையை வாரிக்கொண்டு போய்விடுவான். அதே கண்ணாடியின் முன் இரண்டு மணி நேரம் கதிரையில் அமர்ந்து, மூக்கின் நிழல் எவ்விடத்தில் முடிகின்றது, கன்னத்தின் நிறம் காதின் நிறத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது என்று ஆராய்கின்றவனுக்குப் பெருமை பாராட்ட நேரமிராது. தன் முகத்தை அவன் ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல, ஒரு மலையைப் பார்ப்பதுபோல விலகி நின்று பார்க்கப் பழகுகின்றான். இது நல்லதொரு பயிற்சி என்பதிற் சந்தேகமில்லை.

வேறொரு வசதியும் உண்டு. சித்திரம் பழகுவோனுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும். அப்படி உட்காருவோருக்குக் கூலி கொடுக்க வகையில்லாதவன் என் செய்வான்? ஒல்லாந்து நாட்டவராகிய வின்சென்ட் வான் கோ அத்தகைய நிலையில் இருந்தவர். ஏறக்குறைய முப்பத்தைந்து தன்னுருவச் சித்திரங்களை அவர் தீட்டினார். அவற்றுட் பெரும்பாலானவை 1886 முதல் 1888 வரை பாரிஸ் நகரில் வாழ்ந்த காலத்தில் தீட்டப்பட்டவை. பின்னர் ஆர்ல் என்னும் ஊரில் இருந்தபோது, ஆள் கிடையாமையால் தம் முகத்தையே பார்த்து வரைவதற்காக நல்லதொரு கண்ணாடி வாங்கியதாக 1888இல் தம் தம்பிக்கு எழுதினார். ஏழைக்கும் எப்பொழுதும் கிடைக்கக்கூடிய ஆள் அவனுடைய சொந்த முகமே.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் பாடசாலைகளிலே ஒரு பிள்ளையிடம் வர்ணப்பெட்டியைக் கொடுத்து, “உன் முகத்தை வரைந்து வர்ணம் தீட்டு” என்று சொல்லிப் பாருங்கள். தலைமயிருக்குக் கறுப்பு எடுக்கும். சட்டைக்கு நீலமோ சிவப்போ எடுக்கும். முகத்துக்கு வந்ததும் கை தயங்கும். அநேகமாக இளஞ்சிவப்புக் குச்சியொன்றை எடுத்து மெல்லத் தேய்க்கும். அல்லது முகத்தை வெறுங் கடதாசியாகவே விட்டுவிடும். பக்கத்திலிருக்கும் பிள்ளை கபில நிறத்தை எடுத்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். மாநிறமும் கருநிறமும் உடைய பிள்ளைகள் நிறைந்த வகுப்பொன்றில் சுவரிலே தொங்கும் முகங்கள் யாவும் வெளிறிய முகங்களாய் இருப்பது எவ்வளவு விசித்திரமானது!

இதற்குப் பிள்ளையைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவிற் செய்யப்படும் கிறேயோலா என்னும் மெழுகு வர்ணப் பெட்டியிலே இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றுக்கு ‘தோல் நிறம்’ எனப் பொருள்படும் பெயரே நெடுங்காலம் இருந்தது. 1962இலேதான் அப்பெயரை நீக்கிப் ‘பீச்’ என்னும் பழத்தின் பெயரை இட்டனர். உலக மக்களுட் பெருந்தொகையினரின் தோல் அந்நிறமன்று என்னும் உண்மையை ஒரு வர்ணப்பெட்டி ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் சென்றது. கலர்ப் புகைப்படத்தின் கதையும் இத்தகையதே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களில், நிறம் சரியாக விழுந்துள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வெள்ளைத் தோலுடைய பெண்ணொருத்தியின் படத்தையே அளவுகோலாக வைத்திருந்தனர். அவள் முகம் சரியாக விழுந்தாற் போதும். கருநிறத்தார் முகம் கண்ணும் பல்லும் மாத்திரம் தெரியும்படி இருண்டு போனாலும் கவனிப்பாரில்லை. இன்று நம் இளைஞர் கையிலுள்ள தொலைபேசியிலோ முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கும் வித்தைகள் உள்ளன. தன் படத்தைத் தானே எடுக்கும் பிள்ளை, தன் நிறத்தைக் காணாமலே அதனை இழந்து விடுகின்றது.

இதன் பலனை வீடுகளிலே காண்கின்றோம். பெண் பார்க்கும் பேச்சில் “பிள்ளை நல்ல நிறம்” என்று சொல்வதும், மற்றொருத்தியைப் பற்றிக் “குணம் நல்லது, ஆனால் நிறந்தான் கொஞ்சம்...” என்று இழுப்பதும் நாம் எல்லோரும் கேட்டவையே. அந்தச் சொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பெண்ணின் நெஞ்சம் என்ன பாடுபடும்? முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் பூச்சுக்கள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பதும், அது தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுப்பதும் வைத்தியர் கண்ட உண்மைகள். இப்படியான நிலையிலே, தன் முகத்தின் நிறத்தைத் தானே உள்ளபடி கலந்து தீட்டப் பழகுவது வெறும் பொழுதுபோக்கு ஆகுமா என்று பெரியோர் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

நம் பழைய சித்திரகாரருக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. சீகிரியாக் குன்றிலே ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டப்பெற்ற மங்கையரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பொன்னிறத்தாரும் கருநிறத்தாரும் அங்கே அருகருகே நிற்கின்றனர். இரு சாராரும் எழிலோடு தீட்டப்பட்டுள்ளனர். அஜந்தாக் குகைகளிலும் கரிய மேனியர் பலர் மிகுந்த எழிலோடு தீட்டப்பட்டுள்ளனர். ஆகவே இது புதிதாகக் கற்கவேண்டியதொன்றன்று. மறந்துபோனதை மீண்டும் கைக்குக் கொண்டுவர வேண்டியதே.

அதற்கு வழி யாது? சாதனங்களை மாற்றி மாற்றிப் பரீட்சித்துப் பார்ப்பதே வழி என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில் ஒவ்வொரு சாதனமும் ஒரு முகத்தில் ஒவ்வொன்றைக் காட்டும். கரி நிழலைக் காட்டும். நீர்வர்ணம் ஒளியைக் காட்டும். எண்ணெய் வர்ணம் தோலின் ஆழத்தைக் காட்டும். ஒன்றை மாத்திரம் பிடித்துக்கொண்டவன் அது காட்டுவதையே தன் முகம் என்று நம்பிவிடுவான்.

முதலிலே நிறத்தைப் பற்றிய இரண்டு சிறு பரீட்சைகளைச் சொல்லுகின்றோம். வெள்ளை மட்டை ஒன்றிற் பயறளவு துவாரமிட்டு, அதனைக் கண்ணாடியிற் காணும் உங்கள் கன்னத்துக்கு நேரே பிடித்து, துவாரத்தினூடே தெரியும் நிறத்தை மாத்திரம் பாருங்கள். “கறுப்பு” என்று எண்ணியிருந்த கன்னம் செம்மஞ்சளின் வகையாகத் தோன்றும். கபில நிறம் என்பது ஒளி குறைந்த செம்மஞ்சளேயன்றி வேறில்லை. மனிதத் தோல் யாருடையதாயினும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கும். ஒருவருக்கு ஒளி கூடும், ஒருவருக்குக் குறையும்; அவ்வளவே வேற்றுமை.

இரண்டாவது பரீட்சை. சுட்ட காவி நிறத்தோடு நீலம் சிறிது கலந்து உங்கள் தோலுக்கு ஒத்த நிறமொன்றைச் செய்து, ஒரு துண்டுக் கடதாசியிற் பூசிக் கன்னத்தருகே பிடித்துச் சரிபாருங்கள். பொருந்திய பின் அதே நிறத்தை வெள்ளைக் கடதாசியில் ஒரு பொட்டாகவும், நீலம் பூசிய கடதாசியில் ஒரு பொட்டாகவும் இடுங்கள். வெள்ளையின்மேல் அது மிக இருண்டு காணும். நீலத்தின்மேல் அதுவே ஒளியும் சூடும் பெற்று நிற்கும். பக்கத்திலுள்ள நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் இவ்வியல்பைப் பிரான்சிய இரசாயன அறிஞர் செவ்ரோல் என்பவர் ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார். துணிக்கு நிறமூட்டும் தொழிற்கூடத்தில் நூல்களின் நிறம் மங்கிக் காண்கின்றது என்று எழுந்த முறைப்பாடே அவரை அவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது. குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கின்றது என்று அவர் கண்டார்.

பிள்ளையின் கை ஏன் தயங்குகின்றது என்பது இப்பொழுது விளங்கும். பால்போல் வெளுத்த கடதாசியின்மேல் தன் உண்மை நிறத்தை வைத்ததும் அது பயங்கரமாய் இருண்டு தோன்றுகின்றது. பிள்ளை அஞ்சி அதை வெளுப்பாக்குகின்றது. ஆகையால் நம் இளைஞருக்குச் சொல்லும் முதல் விதி: வெள்ளைக் கடதாசியில் ஆரம்பிக்காதீர்கள். அதற்குத் தேயிலைச் சாயமோ, காவி நீரோ, இளநீலமோ பூசிக் காயவிட்டுப் பின்பு தொடங்குங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ணச் சோக்கினால் வரைந்தோர் பலர் நீலக் கடதாசியைக் கையாண்டதும், பழைய எண்ணெய் வர்ண ஓவியர் துணிக்கு முதலில் கபிலமோ சாம்பலோ பூசிக்கொண்டதும் இத்தகைய காரணங்களாலேயே.

இனிச் சாதனங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது கரியும் காவியும். சிரட்டைக்கரித் துண்டொன்றும், செங்காவிக் கட்டியொன்றும், வெள்ளைச் சோக்கு ஒன்றும் போதும். தேயிலைச் சாயம் பூசிய கடதாசியே தோலின் நடுநிறமாக நிற்கும். அதன்மேல் நிழலுக்குக் கரி, இரத்த ஓட்டம் தெரியும் காதுக்கும் உதட்டுக்கும் மூக்கின் ஓரத்துக்கும் காவி, நெற்றியின் மினுக்கத்துக்குச் சோக்கு. காசு செலவில்லாத இம்மூன்றினாலே ஒரு முகம் எழுந்து வருவதைக் காணும் இளைஞன் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டான்.

இரண்டாவது வர்ணச் சோக்கு, பஸ்டல் என்பர். வர்ணத்தூளுடன் மிகக் குறைந்த பசை சேர்த்துச் செய்த குச்சி இது. நிறங்களைத் தட்டிற் கலக்க இயலாது. கடதாசியிலேயே கோட்டின்மேற் கோடாக இட்டுக் கண்ணே கலந்துகொள்ளும்படி விடவேண்டும். பிரான்சிய ஓவியர் ஷார்டான் என்பவர் வாழ்நாளெல்லாம் எண்ணெய் வர்ணத்தில் வேலை செய்தவர். முதுமையிலே கண்பார்வை கெட்டதனால் எண்ணெய் வர்ணத்தை விட்டு வர்ணச் சோக்கைக் கையில் எடுத்தார். 1771இல், எழுபது வயது கடந்த பின், மூக்குக் கண்ணாடியும் தலைக்கட்டுமாகத் தம் முகத்தைத் தீட்டினார். 1775இல் கண்ணுக்கு மேலே நிழல் மறைப்பு ஒன்றை அணிந்த கோலத்தில் மீண்டும் தீட்டினார். அவை பாரிஸில் லூவர் நூதனசாலையில் உள்ளன. கிழவரின் கன்னத்திலே சிவப்பும் நீலமும் பச்சையும் தனித்தனிக் கோடுகளாய் நிற்கும்; எட்ட நின்று பார்த்தால் அவை உயிருள்ள தோலாகிவிடும். ஒரு சாதனம் கைவிட்டபோது இன்னொன்றைப் பற்றிக்கொண்ட அம்முதியவரை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களும் நினைவிற் கொள்வார்களாக.

மூன்றாவது நீர்வர்ணம். இதிலே ஒளி என்பது கடதாசியின் வெண்மையே. வர்ணம் மெல்லிய கண்ணாடி போல அதன்மேற் படிகின்றது. ஆதலால் மேற்சொன்ன விதிக்கு இது விலக்கு: இங்கே வெள்ளைக் கடதாசி வேண்டும். ஆனால் முகத்தைச் சுற்றியுள்ள பின்புறத்தை நீலமாகவோ பச்சையாகவோ முதலிற் பூசிவிட்டால் பயம் நீங்கும். பின்பு முகத்துக்கு மஞ்சட்காவி நீர் ஒரு பூச்சு. காய்ந்த பின் செங்காவி ஒரு பூச்சு. அதுவும் காய்ந்த பின் காவியும் நீலமும் கலந்த நிழற்பூச்சு. ஒரே முறையில் இருட்ட முயன்றால் சேறாகும். பொறுமையைப் படிப்பிக்கும் சாதனம் இது.

நான்காவது எண்ணெய் வர்ணம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவதால், நாட்கணக்கிற் கலக்கவும் திருத்தவும் இடமுண்டு. இதன் வல்லமையை அறிய வேண்டின் ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்டைப் பார்க்க வேண்டும். 1606இற் பிறந்த அவர் வர்ணத்தில் ஏறக்குறைய நாற்பது தன்னுருவச் சித்திரங்களைத் தீட்டினார்; செப்புத்தகட்டிற் கீறி அச்சிட்டவை வேறு. இருபத்திரண்டு வயதளவிலே தீட்டிய சிறிய படமொன்றிற் சுருண்ட மயிரைக் காட்ட, ஈர வர்ணத்தைத் தூரிகையின் பின்புறக் கட்டையாற் கீறியிருக்கின்றார். மயிரை வர்ணத்தால் வரையாமல் வர்ணத்தை அகற்றிக் காட்டியது எத்தகைய துணிவு! அதே மனிதர் காலஞ்சென்ற 1669ஆம் ஆண்டிலும் தம் முகத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அங்கே வர்ணம் தடித்து, கன்னத்தின் தொங்கலும் நெற்றியின் சுருக்கமும் மறைப்பின்றி நிற்கின்றன. செல்வம் போயிற்று, மனைவியும் மகனும் போயினர். முகத்தைப் பார்க்கும் நேர்மை மாத்திரம் போகவில்லை.

எண்ணெய் வர்ணம் நமக்கு விலை கூடியது. அதற்குப் பதிலாக அக்றிலிக் என்னும் வர்ணத்தைக் கைக்கொள்ளலாம். நீரிற் கரையும் இவ்வகை 1950களின் நடுப்பகுதியிலே மேல்நாட்டுச் சந்தைக்கு வந்தது. இன்று நம் பட்டினங்களிலும் கிடைக்கின்றது. நம் வெயிலில் இது நிமிடக் கணக்கிற் காய்ந்துவிடும். தட்டின் அடியில் ஈரச்சீலை ஒன்றை மடித்து வைத்தாற் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். காய்ந்தபின் நிறம் ஒரு படி இருளும் என்பதையும் மனதிற் கொள்ளவேண்டும்.

முறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வான் கோ பாரிஸிலே ஒரே முகத்தை எத்தனை விதமாகத் தீட்டினார்! ஆரம்பத்திற் கபிலமும் கறுப்புமாக இருந்த படங்கள், பின்பு புள்ளிகளாகின; புள்ளிகள் குறுங்கோடுகளாகின. செந்தாடிக்குப் பக்கத்திற் பச்சையையும், செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலத்தையும் வைத்து ஒன்றையொன்று தூண்டச் செய்தார். செவ்ரோல் கண்ட விதியே அங்கே ஓவியமாயிற்று. 1889 ஜனவரியிற் காதிலே கட்டுப்போட்ட நிலையிலும் அவர் தம்மைத் தீட்டினார். அப்படத்திற் கட்டு வலப்பக்கம் காணப்படுகின்றது, காயப்பட்டதோ இடக்காது. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டாம். நம் இளைஞரும் தம் படத்திலே நெற்றித் தழும்போ மறுவோ இடம் மாறி நிற்பதைக் கண்டு திகைக்கத் தேவையில்லை.

மெக்சிக்கோ நாட்டுப் பிரீடா காலோ என்னும் அம்மையாரின் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1925இற் பதினெட்டு வயதில் பஸ் விபத்திலே உடல் நொறுங்கிப் படுக்கையிற் கிடந்தார். கட்டிலின் மேற்கவிகையிற் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டது. படுத்தபடியே தம் முகத்தைப் பார்த்து வரைந்தார். பின்னாளில் துணி, உலோகத் தகடு என்று பலவற்றிலும் தீட்டினார். 1938இல் அலுமினியத் தகட்டிலே தம் முகத்தைத் தீட்டி, அதன்மேற் பூவும் பறவையும் வரைந்த சந்தைக் கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார். கிராமத்துக் கைவினைப் பொருளும் தம் முகமும் ஒரே படமாயின. அப்படத்தைப் பிரான்சிய அரசாங்கம் 1939இல் விலைக்கு வாங்கிற்று. தம் மாநிறத்தையோ, கூடிய புருவத்தையோ, உதட்டின்மேல் அரும்பிய மயிரையோ அவர் மறைத்தாரில்லை.

நம் பக்கத்து நாட்டு உதாரணமும் ஒன்று உண்டு. 1913இற் பிறந்து 1941இல் இளவயதிலேயே மறைந்த அமிர்தா ஷெர்கில், தந்தையாற் சீக்கியர், தாயால் ஹங்கேரியர். பாரிஸிற் பயின்ற காலத்திலே பல தன்னுருவச் சித்திரங்கள் தீட்டினார். 1934இல் தீட்டியதொன்றிலே தம்மைத் தென்கடற் பெண்ணொருத்தியின் கோலத்திற் கபில மேனியராகக் காட்டியிருக்கின்றார். அதன் பின் இந்தியா திரும்பி, அஜந்தாவைக் கண்டு, தென்னகமெங்கும் பயணஞ்செய்து, 1937இல் தென்னிந்திய மக்களைத் தீட்டினார். அப்படங்களிற் கரிய மேனிகள் வெள்ளை ஆடைகளுக்கிடையே எத்துணைக் கம்பீரமாய் நிற்கின்றன! தன் முகத்தின் நிறத்தைத் தேடிய கை, பின்பு பிறர் முகத்தின் நிறத்தையும் மதிக்கக் கற்றுக்கொண்டது என்று நாம் கொள்ளலாம்.

“இவையெல்லாம் மேல்நாட்டுக் கடைச் சரக்குகளாயிற்றே” என்று ஒருவர் கேட்கக்கூடும். நம் வளவிலேயே வர்ணக்கடை உண்டு. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே, கண்டிக்காலச் சித்திரகாரர் கையாண்ட வர்ணங்களை விவரித்திருக்கின்றார். வெண்களிமண், சாதிலிங்கம், விளக்குக்கரி, மரப்பால் மஞ்சள் முதலியவற்றை அவர்கள் விளாம்பிசினிலே குழைத்துத் தீட்டினர். இவற்றுட் சாதிலிங்கம் பாதரசம் கலந்தது. பழைய மஞ்சள் நிறங்களுள் ஒன்றாகிய அரிதாரமோ நச்சுப் பாஷாணம். அவ்விரண்டையும் இளைஞர் தொடலாகாது. செங்காவியும் மஞ்சட்காவியும் விளக்குக்கரியும் வெண்களியும் அபாயமில்லாதவை. காவிக் கட்டியை அரைத்து நீரிற் கரைத்து, மணல் கீழே படிந்ததும் மேலேயுள்ள கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் வடித்து, அது தெளியும்வரை வைத்தால் அடியில் நுண்ணிய வர்ணம் தங்கும். விளாம்பிசினை இரவு முழுதும் நீரில் ஊறவைத்துச் சீலையால் வடித்து இதனோடு குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் வர்ணம் விரலில் ஒட்டும், கூடினால் வெடிக்கும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தாற் பதம் கைவரும். சமையல் மஞ்சளின் நிறம் மனதைக் கவரும்; ஆனால் வெயிலில் விரைவில் வெளிறிவிடும். வான் கோ கையாண்ட செஞ்சாயங்கள் சிலவும் இவ்வாறே வெளிறிவிட்டன. மண்ணிலிருந்து எடுத்த காவியோ சீகிரியாவிலே பதினைந்து நூற்றாண்டு நின்றிருக்கின்றது.

இந்த மண்ணின் காவியைக் குழைத்துத் தம் கன்னத்தருகே பிடித்துப் பார்த்த இளைஞர்கள் வியந்ததை நாம் கண்டிருக்கின்றோம். கடைப்பெட்டியிலே தேடிக் கிடையாத நிறம் கிணற்றடி மண்ணிற் கிடைத்துவிட்டது.

வர்ணமே வாங்க இயலாதவர்க்கும் வழியுண்டு. பழைய சஞ்சிகைகளிலிருந்து கபிலம், செம்மை, கருமை நிறத் துண்டுகளைக் கிழித்தெடுத்து ஒட்டி முகம் அமைக்கலாம். மரப்பலகையின் படம், தேத்தண்ணீரின் படம், உழுத வயலின் படம் ஆகியவற்றிலே தோலின் நிறங்கள் யாவும் உண்டு. இம்முறையிற் கோடு கீறும் திறமை இல்லாதவரும் தோற்பதில்லை.

இறுதியாகச் சில நடைமுறை யோசனைகள். யன்னலோரம் பக்கவாட்டில் ஒளி விழும்படி அமருங்கள்; மின்விளக்கினும் பகலொளி நன்று. கண்ணாடியில் உங்கள் முகத்தின் விளிம்பைச் சவர்க்காரத் துண்டினாற் சுற்றிக் கீறி அளந்து பாருங்கள்: அது உண்மை முகத்தின் அரைப்பங்கு அளவே இருக்கும். எட்ட நின்றாலும் கிட்ட நின்றாலும் அப்படியே. பார்ப்பது எவ்வளவு, எண்ணிக்கொள்வது எவ்வளவு என்பதை இச்சிறு பரீட்சை உணர்த்தும். நிழலுக்கு வெறுங் கறுப்பை எடுக்காதீர்கள். காவியும் நீலமும் கலந்த இருள் உயிருள்ளது. கரிய தோலின் மினுக்கத்தில் வானத்தின் நீலம் பிரதிபலிக்கும்; நாடியின் கீழே உடுத்த சட்டையின் நிறம் ஏறும். அவற்றைத் தேடிக் காணுங்கள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகின்றோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஐந்து சாதனங்களில் ஐந்து தன்னுருவச் சித்திரங்கள் செய்வார்களாக. முதியோரும் சேர்ந்துகொள்ளட்டும், ஷார்டானின் வயது அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். இதனைப் போட்டியாக நடத்த வேண்டாம், பரிசும் வேண்டாம். யாருடைய படம் அழகானது என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் முகங்கள் மறுபடியும் வெளுக்கத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் மண்டபச் சுவரிலே வரிசையாக மாட்டிவிட்டு, ஊரார் வந்து பார்க்கட்டும். தேன் நிறம், புளியங்கொட்டை நிறம், பனங்கட்டி நிறம், கார்மேக நிறம் என்று நம் ஊரின் நிறங்கள் அத்தனையும் அங்கே நிற்கும். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்பிள்ளையும் முன்னே வந்து, “இது என் படம், இது என் நிறம், நானே கலந்தது” என்று சொல்வாளாயின், இச்சங்கம் இவ்வாண்டில் ஆற்றிய பணிகளுள் அது சிறியதாக எண்ணப்படமாட்டாது.